புழுதிச் சுழல் எழும் நாளில் சிறு விமானத்தைக் கையாளுதல்

கோடையில் வானம் பளிச்சென்று இருந்து, மேகமும் இல்லாமல், காற்றும் பெயருக்குத்தான் வீசுகிறது என்றால், பறக்கக் கற்றுக்கொள்ளும் மாணவர்களில் பலர் அதை நல்ல நாள் என்றே குறித்துக்கொள்வார்கள். காலை 9 மணி வரை அந்தக் கணிப்பில் தவறில்லை. அதே நாளின் பிற்பகல் 1 மணிக்கு, அதே ஓடுபாதையின் ஓரத்தில் தரையிலிருந்து ஒரு புழுதித் தூண் கிளம்பி, நிறுத்தி வைத்திருக்கும் விமானத்தின் ஓர் இறக்கையைத் தூக்கிவிட்டுப் போய்விடலாம். இடிமழையைக் குறித்து வானிலை அறிக்கை முன்கூட்டியே ஏதாவது சொல்லும். இந்தச் சுழலைப் பற்றி, அது எழக்கூடிய நாள் இது என்பதற்கு மேல் எவராலும் எதுவும் சொல்ல இயலாது. எந்த நிமிடத்தில், எந்த மூலையில் எழும் என்பதை விமானியின் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சொல்லைப் பற்றி முதலில் ஒரு விளக்கம். சூறாவளி என்ற சொல்லைச் செய்திகளில் கடலில் உருவாகும் புயலுக்கும், இடிமேகத்திலிருந்து இறங்கும் பெருஞ்சுழலுக்கும், தெருவில் குப்பையைச் சுற்றிவிடும் காற்றுக்கும் வேறுபாடின்றிப் பயன்படுத்துகிறார்கள். விமானிக்கு இந்த மூன்றும் வேறு வேறு ஆபத்துகள் என்பதால் அந்தச் சொல்லை இங்கே தவிர்க்கிறேன். புழுதிச் சுழல் என்று நான் எழுதும் இடமெல்லாம், மேகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், வெயிலில் காய்ந்த தரையிலிருந்து மேல்நோக்கி வளரும் சுழல்காற்றை மட்டுமே குறிக்கிறேன்.

எங்கே, எப்போது எதிர்பார்ப்பது

ஈரமில்லாத காற்று மேலே ஏறும்போது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் குளிரும். நண்பகல் வெயிலில் காய்ந்த மண்ணின் மீதும் தார்ப்பரப்பின் மீதும் நிலைமை வேறு: காற்று 40 டிகிரியில் இருக்கும்போது தார்த் தரை 60 டிகிரியைத் தொட்டிருக்கும், தரையை ஒட்டிய முதல் இரண்டு மீட்டருக்குள்ளேயே வெப்பம் பல டிகிரி இறங்கிவிடும். இவ்வளவு சூடான, இலேசான காற்று கனமான காற்றுக்கு அடியில் அதிக நேரம் அடங்கிக் கிடக்காது. ஏதாவது ஓர் இடத்தில் பீறிட்டு மேலே கிளம்பும். அப்படி எழும் தூணை நோக்கிச் சுற்றியுள்ள காற்று உள்ளே விரையும்போது, அதில் முன்பே இருந்த மிகச் சிறிய சுழற்சி, கயிற்றில் கட்டிய கல்லைச் சுற்றுபவர் கயிற்றைச் சுருக்கினால் கல் வேகமெடுப்பது போல, மையத்தை நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது. பூமியின் சுழற்சி இதன் திசையை முடிவு செய்யும் அளவுக்கு இது பெரியதல்ல. ஆகவே இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் ஏறத்தாழச் சரிபாதியாக உருவாகின்றன.

இந்த விளக்கத்திலிருந்தே எதிர்பார்க்க வேண்டிய இடங்கள் கிடைத்துவிடும். உழுது காயவிட்ட நிலம், வறண்ட ஏரிப்படுகை, விமானங்களை நிறுத்தும் ஏப்ரனைச் சுற்றிய செம்மண் திடல், நீர் பாய்ந்த வயலும் காய்ந்த வயலும் சந்திக்கும் வரப்பு, விமானக் கொட்டகையான ஹேங்கரின் மூலையைக் கடந்து காற்று வளையும் இடம் ஆகியவை முதலில் கவனிக்க வேண்டியவை. நேரத்தைப் பொறுத்தவரை, சூரியன் உச்சியை நெருங்கும் முற்பகலிலிருந்து பிற்பகல் நடுப்பகுதி வரையில்தான் பெரும்பாலானவை எழுகின்றன. காற்று பலமாக வீசும் நாளில் தரையோரச் சூடு கலைந்துபோவதால் சுழல்கள் குறையும். மென்மையான காற்று உள்ள நாளே இவற்றுக்கு ஏற்றது. அமைதியான நாள் என்று மகிழ்ந்து பறக்க வருபவருக்கு இது நியாயமாகப் படாதுதான். ஒரே இடத்தில் சில நிமிட இடைவெளியில் ஒன்றன் பின் ஒன்றாக எழுவதும் சாதாரணம் என்பதால், ஒன்று போய்விட்டது என்பதற்காக அந்த மூலையை மறந்துவிடக் கூடாது.

பெரும்பாலானவை சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை அகலமாக இருக்கும். உயரம் நூறு மீட்டருக்குள் அடங்குபவை பல, ஆயிரம் மீட்டரைத் தாண்டுபவையும் உண்டு. ஆயுள் சில நிமிடங்கள். பெரியவை அரை மணி நேரம் கூட நிற்கும். சுழலும் காற்றின் வேகம் பொதுவாக விநாடிக்கு 10 முதல் 25 மீட்டருக்குள் இருக்கும், அதாவது ஏறத்தாழ 20 முதல் 50 நாட் வரை (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்). நடுப்பகுதியில் காற்று மேலே ஏறும் வேகம் சில நேரம் விநாடிக்கு 10 மீட்டரையும் எட்டும். மொத்தத் தூணும் அன்றைய காற்றின் போக்கில் நகரும், அதே போக்கில் சற்றுச் சாய்ந்தும் நிற்கும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: நாம் பார்ப்பது புழுதியைத்தான், சுழலை அல்ல. தரையில் தூக்குவதற்குத் தூசு இருந்தால் சுழல் கண்ணுக்குத் தெரியும். புல்வெளிக்கும் கான்கிரீட்டுக்கும் தார் ஓடுபாதைக்கும் மேல் அதே சுழல் கண்ணாடி போல நகரும். செம்மண் திடலில் கம்பீரமாக நின்ற தூண் ஓடுபாதையை அடைந்ததும் மறைந்துவிட்டது என்று எவராவது சொன்னால், மறைந்தது புழுதிதான் என்று முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதேபோல, தூணின் கண்ணுக்குத் தெரியும் உச்சிக்கு மேலேயும் சுழற்சியும் மேலேறும் காற்றும் தொடர்கின்றன. உச்சியைத் தாண்டிப் பறந்தால் போதும் என்று நினைப்பது தவறு.

விமானத்துக்குள் என்ன நிகழ்கிறது

60 நாட் வேகத்தில் இறங்கிவரும் விமானம் விநாடிக்கு ஏறத்தாழ 31 மீட்டர் நகர்கிறது. 20 மீட்டர் அகலமுள்ள ஒரு சுழலை அது முக்கால் விநாடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். அந்த நேரத்துக்குள் விமானி எதையும் யோசித்து முடிவெடுக்க முடியாது. முன்பே முடிவு செய்து வைத்ததை மட்டுமே கை செய்யும்.

சுழலின் நட்டநடுவே நுழைந்தால் முதலில் ஒரு பக்கத்திலிருந்து பலமான குறுக்குக் காற்று, நடுவில் மேலே தூக்கும் காற்று, அடுத்த கணமே எதிர்ப்பக்கத்திலிருந்து குறுக்குக் காற்று என்று மூன்று அடிகள் விழும். செஸ்னா 172 போன்ற விமானத்தின் கையேட்டில் செய்து காட்டப்பட்ட குறுக்குக் காற்றின் அளவு 15 நாட். சுமாரான சுழலே அதைப்போல இரு மடங்கு தரும், அதுவும் திசை மாற்றி மாற்றி. ஓரமாக உரசிச் சென்றால் அடி வேறு வகையானது. சுழல் விமானத்தின் போக்கிலேயே சுற்றும் பக்கத்தில் நுழைந்தால் திடீரென்று பின்காற்று கிடைத்து காற்றுவேகம் உடனே சரியும். எதிர்ப்பக்கத்தில் நுழைந்தால் முதலில் காற்றுவேகம் கூடி, எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை விமானி குறைக்கும் தருணம் பார்த்து, வெளியேறும்போது அந்த ஆதாயம் ஒரே வீச்சில் பறிபோகும். எந்தப் பக்கம் போனாலும் ஒருமுறை வேகம் இழப்பது உறுதி. 60 நாட்டில் வரும் விமானம் 25 நாட்டை இழந்தால் என்ன ஆகும் என்பதை, அவரவர் விமானத்தின் ஸ்டால் வேகத்தை, அதாவது இறக்கை தூக்கும் திறனை இழக்கும் வேகத்தை, பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஓர் இறக்கை மட்டும் மேலேறும் காற்றுக்குள் இருந்து, மற்றது வெளியே இருப்பது இன்னொரு வகை. அப்போது விமானம் உருள முனைகிறது. உருளலைக் கட்டுப்படுத்த இறக்கையில் உள்ள எயிலரானை முழுவதும் திருப்பினாலும் சில கணம் உருளல் நிற்காது. 2,000 அடியில் இது பயமுறுத்தும் ஒரு குலுக்கல், அவ்வளவுதான். 50 அடியில் இறக்கை நுனி தரையைத் தொட்டுவிடும். உயரம்காட்டியையும் அந்தக் கணத்தில் நம்ப வேண்டாம்: பலமான சுழலின் மையத்தில் காற்றழுத்தம் 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்குக் குறையலாம், ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 28 அடி என்ற கணக்கில் கருவி 80 அடிக்கு மேல் பொய்யாக ஏறிக் காட்டும்.

இதோடு வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடல்மட்டத்தில் 40 டிகிரி என்றால் அது நிர்ணய வெப்பமான 15 டிகிரியை விட 25 டிகிரி அதிகம்; ஒரு டிகிரிக்கு 120 அடி என்று கணக்கிட்டால், விமானம் 3,000 அடி உயரத்தில் உள்ள நிலையத்தில் பறப்பது போல நடந்துகொள்ளும். அதாவது, சுழல்கள் எழும் அதே நாளில்தான் எஞ்சினுக்கும் ஏறும் திறன் குறைவு. சுழலிலிருந்து தப்பித்து மேலே போக நினைக்கும்போது விமானம் சோம்பலாக ஏறுவது இதனால்தான்.

தரையில் நிற்கும் விமானம்

பறக்கும் விமானத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் நிற்கும் விமானத்தை மறந்துவிடுகிறார்கள். 50 நாட் காற்று என்பது பல சிறு விமானங்களின் ஸ்டால் வேகத்தை விட அதிகம். இறக்கைக்கு அது ஓடுபாதையில் ஓடிக் கிடைத்ததா, நின்ற இடத்திலேயே கிடைத்ததா என்ற வேறுபாடு தெரியாது.

கட்டுவதில் மூன்று புள்ளிகளும் முக்கியம்: இரு இறக்கைகளும் வாலும். நான் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தில், உணவு நேரம்தானே என்று இரு இருக்கைகள் கொண்ட விமானம் ஒன்றை இறக்கைகளில் மட்டும் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முதலில் பத்தடி தூரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை தரையில் வட்டமிட்டது. அடுத்து விமானத்தின் வாலிலுள்ள ரடர் தானாக இடமும் வலமுமாக அடித்துக்கொண்டது. பூட்டுக் கட்டை போடவில்லை. அப்புறம் வால் மெதுவாக, யாரோ அடியில் கைகொடுத்துத் தூக்குவது போல எழுந்து, புரொபெல்லரின் ஒரு நுனி தார்த் தரையில் ஊன்றி நின்றது. இறக்கைக் கயிறுகள் இரண்டும் அறுபடவே இல்லை. வால் திரும்பக் கீழே விழுந்த சத்தம் கேட்டுத்தான் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முழுதும் நடந்து முடிய பத்து விநாடி ஆகியிருக்காது.

கயிறு நைலான் போன்ற செயற்கை இழையாக இருப்பது நல்லது. மணிலாக் கயிறு நனைந்தால் சுருங்கி இறக்கையை இழுக்கும், காய்ந்தால் தளரும். தளர்வாகக் கட்டினால் விமானம் எழும்பி வெட்டி இழுத்தே கயிற்றை அறுத்துவிடும், விறைப்பாகக் கட்டினால் சட்டகத்துக்குச் சுமை. கையால் அழுத்தினால் விரலளவு மட்டும் தொய்யும்படி கட்டுவது என் பழக்கம். தரையில் உள்ள வளையத்தையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், ஏனென்றால் மண்ணில் அடித்த முளை ஈரக்காலத்தில் பிடிப்பது போலக் கோடையில் பிடிக்காது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, கட்டுப்பாட்டுப் பரப்புகளுக்குப் பூட்டு, கதவுகளும், விமானியின் தலைக்கு மேல் உள்ள கண்ணாடி மூடியான கேனோப்பியும் மூடியிருத்தல் ஆகியவை கட்டாயம். மூக்கைக் காற்றின் திசைக்குத் திருப்பி நிறுத்துவது பொதுவான காற்றுக்குப் பயன்படும். சுழல் நான்கு திசையிலிருந்தும் அடிப்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

சுழல் நெருங்கும்போது ஓடிப்போய் இறக்கையைப் பிடித்துக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். கட்டப்படாத உலோக விமானத்தின் இறக்கை எழுந்தால் ஒரு மனிதரின் எடை அதைத் தடுக்காது. திரும்ப இறங்கும்போது அவர் அடியில் இருப்பார். விலகி, கண்ணை மூடிக்கொண்டு, காற்று போகும் வரை ஏதேனும் சுவரின் மறைவில் நிற்பதே சரி.

எஞ்சின் இயக்கத்தில், தரையில் ஊர்ந்து டாக்ஸி செய்துகொண்டிருக்கும்போது சுழல் தெரிந்தால், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை ஓடுபாதை விளிம்பு போன்ற நிலையான ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடம்வலமாக நகராமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் அது நம்மை நோக்கியே வருகிறது. இடமிருந்தால் விலகிப் போகலாம். இல்லையென்றால் நின்று, பிரேக்கை அழுத்தி, இறக்கையின் பின்விளிம்பில் விரியும் ஃபிளாப்பை முழுவதும் உள்ளிழுத்து, முடிந்தால் மூக்கைச் சுழலின் பக்கம் திருப்பி, கட்டுப்பாட்டுக் கோலை இரு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காற்று வாலிலுள்ள எலிவேட்டரையும் எயிலரானையும் அதன் தடுப்புகளில் மோதி உடைக்கும். வால்சக்கர விமானத்தில் கோல் பின்னால் இழுத்தபடியே இருக்கட்டும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் தரும் குமிழைத் தரையில் இயக்க வேண்டாம்: பெரும்பாலான சிறு விமானங்களில் அந்தக் குமிழை இழுத்தால் காற்று வடிகட்டியைத் தாண்டாமல் நேரே எஞ்சினுக்குள் போகும், புழுதியும் அதோடு போகும்.

புறப்படுதல்

இந்தப் பகுதியில் எழுத அதிகம் இல்லை, காத்திருப்பதுதான் வழி. சுழல் ஓடுபாதையைக் கடந்த பிறகும், அல்லது ஓடுபாதையின் மீது புழுதி மறைந்த பிறகும், கைக்கடிகாரத்தைப் பார்த்து முழுதாக இரண்டு நிமிடம் விடுங்கள். அது போன பக்கத்தில் புல்லோ புதரோ அசைவதைக் கவனித்தால், கண்ணுக்குத் தெரியாத சுழல் எங்கே இருக்கிறது என்பது பல நேரம் புலப்படும். வரிசையில் பின்னால் இன்னொரு விமானம் நிற்கிறது என்ற கூச்சத்தில் புறப்பட்டு விபத்தில் முடிந்த கதைகள் எல்லாப் பயிற்சிக் களத்திலும் உண்டு.

ஓடும்போது, சக்கரம் தரையை விடுவதற்கு முன் வழியில் புழுதி எழக் கண்டால், மிச்சமுள்ள ஓடுபாதை போதுமென்றால் நிறுத்திவிடுங்கள். எழும்பிய பிறகு சுழலில் சிக்கினால், முழு விசையோடு மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, இறக்கைகளைச் சமமாக வைப்பதிலேயே கவனம் இருக்கட்டும். உயரம் ஏறுவது அப்புறம். மூக்கைத் தூக்கித் தப்பிக்க நினைப்பதும், 200 அடியில் சாய்த்துத் திருப்பி விலக நினைப்பதும், இழந்த வேகத்தை மேலும் இழக்கச் செய்யும்.

இறங்குதல்

விமானம் மெதுவாக, ஃபிளாப் விரித்து, எஞ்சினை ஏறக்குறைய அடக்கி, தரைக்கு அருகே வரும் நேரம் இது. சுழலும் தரையோரத்தில்தான் மிக வலுவாக இருக்கிறது. ஆகவே இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

முதல் வேலை, சுற்றுப்பாதையின் காற்றுவழிப் பக்கத்தில், ஓடுபாதைக்கு இணையாகப் பறக்கும்போதே தரையைப் படிப்பது. காற்றின் திசையைக் காட்டும் காற்றுப்பை எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்தால் போதாது; இரண்டு மூன்று முறை பாருங்கள். சுழல்கள் உள்ள நாளில் அது சற்று நேரம் தொய்ந்து தொங்கும், பிறகு காரணமின்றி நிமிர்ந்து அரைவட்டம் திரும்பும். ஓடுபாதையின் இரு முனைகளிலும் காற்றுப்பை இருந்து, இரண்டும் எதிரெதிராகக் காட்டினால், நடுவே எங்கோ ஒரு சுழல் அல்லது வலுவான தெர்மல், அதாவது மேலேறும் வெப்பக்காற்று, இருக்கிறது. காய்ந்த புல், காகிதம், சருகு வட்டமாக எழுவது, தூரத்தில் பறவைகள் இறக்கை அடிக்காமல் இறுக்கமாக வட்டமிட்டு ஏறுவது ஆகியவையும் அதே செய்தியைச் சொல்கின்றன.

வானிலை அறிக்கையை இங்கே எவ்வளவு நம்பலாம் என்று கேட்பார்கள். விமான நிலையத்தின் வானிலையைச் சொல்லும் மெட்டார் அறிக்கையில் நன்கு வளர்ந்த புழுதிச் சுழலுக்கென்றே 'பிஓ' என்ற இரண்டெழுத்துக் குறி உண்டு. அது இருந்தால் எச்சரிக்கை உறுதி. அது இல்லையென்பதால் எதுவும் உறுதியாகாது, ஏனென்றால் அந்த அறிக்கை அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை வருவது, சுழலோ ஐந்து நிமிடத்தில் வந்து போய்விடுவது. உங்களுக்கு முன்னால் இறங்கியவர் வானொலியில் சொல்லும் ஒரு வரி அதைவிட மதிப்புள்ளது. நீங்களும் சொல்லுங்கள்: ஓடுபாதையின் எந்த முனையில், எந்தப் பக்கம், எந்தத் திசையில் நகர்கிறது, ஏறத்தாழ எவ்வளவு உயரம் என்று நான்கு விவரங்கள் போதும்.

அடுத்தது வேகம். காற்று வேகமும் அதன் வீச்சும் (திடீரென்று எட்டும் உச்ச வேகமும்) தெரிந்தால், வீச்சுக்கும் நிலையான வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை இறங்கும் வேகத்தோடு கூட்டுவது பரவலான நடைமுறை: 8 நாட் காற்று 18 வரை வீசினால் 5 நாட் கூட்ட வேண்டும். சுழல் எந்தக் கருவியிலும் வீச்சாகப் பதிவாகியிருக்காது என்பதால், அறிகுறிகள் தெரியும் நாளில் நான் 5 நாட்டை எப்படியும் சேர்த்துக்கொள்கிறேன். இதற்கு விலை உண்டு. 65 நாட்டுக்குப் பதில் 70 நாட்டில் தரை தொட்டால், இறங்கிய பின் ஓடும் தூரம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடும். வெப்பத்தால் ஏற்கெனவே நீண்டிருக்கும் தூரத்தின் மேல் இது வருகிறது. குறுகிய ஓடுபாதையில் அந்த இடம் இல்லையென்றால் மாலை வரை இறங்காமல் இருப்பதோ வேறு நிலையத்துக்குப் போவதோதான் வழி, எரிபொருளை அதற்கேற்ப நிரப்பியிருக்க வேண்டும். ஃபிளாப்பை முழுவதும் விரிக்காமல் ஒரு படி குறைத்து வைத்தால், திரும்ப எழ நேரும்போது விமானம் சுறுசுறுப்பாக இருக்கும். த்ராட்டிலை மூடிவிட்டு மிதந்து வருவதைவிட, சிறிது விசையைக் கடைசி வரை வைத்திருப்பது மேல்.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில், 100 அடிக்கும் கீழே, காற்றுப்பை ஒரு துணிக்கந்தலைப் போலத் தொங்கிக்கொண்டிருக்க, ஓடுபாதையின் இடது விளிம்பில் ஒரு கைப்பிடிக் காய்ந்த புல் இடுப்பளவுக்கு எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தார்ப் பரப்பின் மேல் உதிர்ந்ததைப் பார்த்தேன். புழுதி எதுவும் இல்லை. அருகில் இருந்த பயிற்றுநர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் த்ராட்டிலை முழுதாகத் தள்ளினார். அடுத்த கணம் வலது இறக்கை மேலே போனது, ஸ்டால் எச்சரிக்கை ஒரு முறை கீச்சிட்டு நின்றது, நாங்கள் மேலேறிக்கொண்டிருந்தோம். புல் உதிர்ந்த இடத்துக்கும் எங்களுக்கும் நடுவில் நான் பார்த்தது வெறும் ஓடுபாதை. அந்த அரை விநாடியில் அவர் யோசிக்கவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. இறங்கத் தொடங்கும் முன்பே, எது அசைந்தாலும் எழுவது என்று முடிவு செய்திருந்தார்.

அதையே நானும் சொல்கிறேன். இறங்கும் பாதையில் ஓடுபாதைக்கு அருகே சுழல் தெரிந்தால், அது ஓடுபாதையைத் தொடுமா தொடாதா என்று கணக்குப் போடாமல், உயரம் இருக்கும்போதே திரும்ப எழுந்துவிடுங்கள். முழு விசை, ஏறும் நிலைக்கு மேல் தூக்காத மூக்கு, ஃபிளாப்பைப் படிப்படியாகக் குறைத்தல், நேராக ஏறுதல் என்ற வரிசையில் செய்து, ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், அதற்குள் சுழல்களில் பெரும்பாலானவை தளர்ந்தோ நகர்ந்தோ போயிருக்கும்.

சக்கரம் தொட்டதோடு வேலை முடியவில்லை. வேகம் 20, 30 நாட்டாகக் குறையும்போது இறக்கையில் இன்னும் சிறிது தூக்குவிசை மிச்சமிருக்கிறது, எயிலரானுக்கும் ரடருக்கும் பிடிப்பில்லை. விமானம் ஓடுபாதையை விட்டு விலகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஃபிளாப்பை உடனே இழுத்தால் எடை சக்கரத்துக்கு இறங்கும் என்பது உண்மை, ஆனால் சக்கரத்தை உள்ளிழுக்கும் வசதியுள்ள விமானத்தில் அவசரத்தில் கை வேறு நெம்புகோலுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட விமானத்தில் ஓடுபாதையை விட்டு வெளியேறும் வரை எதையும் தொடாமல் இருப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

பறந்துகொண்டிருக்கும்போது

வழியில் தெரியும் சுழலைச் சுற்றிப் போவது எளிது. அது காற்றின் போக்கில் நகர்ந்து, அதே பக்கம் சாய்ந்திருப்பதால், காற்று வரும் பக்கமாகக் கடந்து செல்லுங்கள். புழுதித் தூணுக்கு மேலாகத் தாண்ட முயல வேண்டாம். குலுக்கலில் மாட்டினால், கையேட்டில் கொடுத்துள்ள கொந்தளிப்புக் காற்றுக்கான வேகத்துக்குக் குறைத்து, இறக்கைகளைச் சமமாக வைத்து, உயரம் மாறுவதைக் கொஞ்சம் சகித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டுபவர்களுக்கு மட்டும் இந்தச் சுழல் ஒரு நண்பனும் கூட, ஏனென்றால் அது நல்ல தெர்மல் இருக்கும் இடத்துக்கு வானத்தில் நட்டு வைத்த கொடி. உயரமாக, சுழலின் மேற்பகுதியில் மட்டும் சேருங்கள். 1,000 அடிக்குக் கீழே அதை நோக்கிப் போகக் கூடாது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட வரம்பு. சுழற்சியின் திசை தெரிந்தால் அதற்கு எதிர்த்திசையில் வட்டமிட வேண்டும். அப்போது எதிர்க்காற்று கிடைத்து, தரையை ஒப்பிட்ட வேகம் குறைந்து, அதே சாய்வில் சிறிய வட்டம் போட முடியும். கூடவே சுற்றினால் பின்காற்றில் வட்டம் பெரிதாகி, தூக்கும் நடுப்பகுதியிலிருந்து வெளியே தள்ளப்படுவோம். தரையில் நிற்கும் கிளைடர் மிக இலேசானது. கேனோப்பியைத் திறந்து வைத்துவிட்டு நகரவே கூடாது. பாராகிளைடரை விரித்து வைத்துக் காத்திருப்பவர் சுழல் தெரிந்ததும் துணியைச் சுருட்டி அதன் மேல் படுத்துக்கொள்ள வேண்டும், இடுப்புவாரை முதலில் கழற்றிவிடுவது இன்னும் நல்லது.

ஹெலிகாப்டருக்கு அபாயமான நேரம், அதன் சுழலி (தலைக்கு மேல் சுற்றும் ரோட்டர்) மெதுவாகச் சுற்றும் தொடக்கமும் முடிவும். வேகம் குறைந்த நிலையில் இறக்கைத் தகடுகளை விறைப்பாக வைக்கும் மையவிலக்கு விசை போதாது. ஒரு சுழல் கடந்தால் தகடு மேலும் கீழுமாக அலைந்து வால்தண்டையே வெட்டக்கூடும். அருகில் சுழல் தெரிந்தால் தொடக்கத்தைத் தள்ளிப்போடுங்கள். எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், அது கடக்கும் வரை சுழலியை முழு வேகத்திலேயே வைத்திருங்கள்.

மேகத்தோடு தொடர்புள்ள சுழல்கள் வேறு கணக்கு. வளரும் மேகத்தின் அடியில், தண்ணீரின் மேல் எழும் நீர்த்தூண், கடல்விமானத்துக்குப் புழுதிச் சுழலைவிடப் பலமான எதிரி. கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 கடல்மைல் விலகியிருக்க வேண்டும் என்ற பொது விதி, அதன் முன்வரிசைக் காற்றில் தரையோரம் சுழன்றெழும் புழுதிக்கும் பொருந்தும். அந்தப் புழுதிக்குப் பின்னால் ஒரு மேகம் இருக்கிறது என்றால், இந்தக் கட்டுரையில் சொன்ன இரண்டு நிமிடக் காத்திருப்பு போதவே போதாது.

சுழல் கடந்த பிறகு

சுழலில் சிக்கிய விமானத்தை, நின்றிருந்ததோ பறந்ததோ, அடுத்த முறை எடுக்கும் முன் வழக்கமான சுற்றிப்பார்வையை விடக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். ரடர், எலிவேட்டர், எயிலரான் ஆகியவற்றின் கீல்களையும் தடுப்புகளையும் கையால் அசைத்துப் பாருங்கள். புதிதாகத் தளர்வோ, உரசலோ, சத்தமோ இருந்தால் பறக்க வேண்டாம். கயிறு கட்டும் வளையத்தைச் சுற்றித் தகடு சுருங்கியிருக்கிறதா, இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பெயின்ட் விரிசல் விட்டிருக்கிறதா என்று சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். காற்றழுத்தத்தைக் கருவிகளுக்குத் தரும் பிடோ குழாயிலும் நிலையழுத்தத் துளையிலும் மண் போயிருக்கலாம். அதை வாயால் ஊதாமல் பராமரிப்பாளரிடம் விடுங்கள், ஊதினால் கருவி பழுதாகும். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். புரொபெல்லர் நுனி தரையைத் தொட்டிருந்தால், சிறிய கீறலாக இருந்தாலும், எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் இயக்கக் கூடாது.

களத்தின் பதிவேட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த மூலையில் எழுந்தது, எந்தப் பக்கம் போனது. ஒரு கோடை முழுவதும் இப்படி எழுதினால், திரும்பத் திரும்ப வரும் இரண்டு மூன்று இடங்கள் தாளில் தாமாகவே தெரியத் தொடங்கும். சுற்றுப்பாதையில் திரும்பும்போது கண் முதலில் அங்கே போகும்.